ஸ்டார்ட்டர் சுத்துது, என்ஜின் மட்டும் பிடிக்கல: பழைய அம்பாசிடரும் டைமிங்கும்

பழைய கார் ஸ்டார்ட் ஆகலைன்னா நம்மில் பலர் முதல்ல பேட்டரியைத் திட்டுவோம். ஆனா ஸ்டார்ட்டர் நல்லா சுத்துது, பெட்ரோல் வாசனை வருது, நடுவுல கார்ப்பரேட்டர் பக்கம் 'டப்'புன்னு ஒரு தும்மல். அப்போ எனக்கு முதல் சந்தேகம் டைமிங் மேலதான். நெருப்பு வருது, நேரம் தப்பி வருது.

இன்னிக்கு நான் பேசப்போறது அம்பாசிடரோட 1489 சிசி பெட்ரோல் என்ஜின் பத்தி. பிரிட்டன்ல பிஎம்சி கம்பெனி வடிவமைச்ச பி-சீரீஸ் குடும்பம். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. எப்போ தீப்பொறி வரணும்னு முடிவு பண்றது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற சி.பி. பாயிண்ட். அது திறக்கிற அந்த நொடியில் காயில்ல உயர் மின்னழுத்தம் உருவாகி, ரோட்டார் வழியா சரியான பிளக்குக்குப் போகுது.

பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு நெருப்பு வைக்கணும்னு தோணும். இல்லை. 1000 ஆர்பிஎம்-ல ஒரு சுத்துக்கு 60 மில்லிசெகண்ட்தான். கலவை முழுசா எரியவே சில மில்லிசெகண்ட் ஆகும். அதனால உச்சிக்குச் சில டிகிரி முன்னாடியே பத்த வைக்கணும். ரொம்ப முன்னாடி வெச்சா, மேலே ஏறி வர்ற பிஸ்டனை வெடிப்பு திருப்பி உதைக்கும். ஹேண்டில் போட்டுச் சுத்துறவங்க மணிக்கட்டு உடையுறது இப்படித்தான். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலையும் மத்த விரல்களோட ஒரே பக்கம் வெச்சுக்கோங்க, ப்ளீஸ்.

இதைப் பேச ஒரு காரணம் இருக்கு. குரோம்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். தாத்தாவோட 1984 மார்க் 4. என்ஜினைப் பிரிச்சு வேலை பார்த்து மாட்டினதிலிருந்து ஸ்டார்ட் ஆகல. அபார்ட்மென்ட்ல மாசக் கடைசிக்குள்ள எடுக்கச் சொல்லிட்டாங்க, பழைய இரும்புக்காரரும் விலை பேசிட்டார். "அண்ணா, தாத்தா தினமும் அதுல போய் உட்கார்ந்துட்டு வர்றார்"னார். அதுக்கு மேல அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கல.

முதல் வேலை, தீப்பொறி வருதான்னு பார்க்கிறது. ஒரு பிளக்கைக் கழட்டி, வயரோட சேர்த்து அதன் உடம்பு என்ஜின் இரும்பைத் தொடுற மாதிரி வெச்சு, ஆளை விட்டு ஸ்டார்ட்டரைச் சுத்தச் சொல்லுங்க. பிளக் ஓட்டைக்குப் பக்கத்துல வேண்டாம், பெட்ரோல் ஆவி வரும். நீலமா 'சடக்'குன்னு வந்தா நல்லது. வரலைன்னா டைமிங்கைத் தொடாதீங்க. பாயிண்ட், கண்டென்சர், காயில்னு போங்க. பிளக் முனை ஈரமா இருந்தா பெட்ரோலும் வருதுன்னு அர்த்தம்.

அடுத்து பாயிண்ட் இடைவெளி. முழுசாத் திறந்த நிலையில சுமார் 0.4 மில்லிமீட்டர். இதை முதல்ல வைக்கணும். ஏன்னா இடைவெளி கூடினா பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங்கும் முன்னாடி நகரும். டைமிங்கை வெச்சுட்டு அப்புறம் இடைவெளியைத் திருத்தினா, பார்த்த வேலையெல்லாம் வீண்.

இப்போ முக்கியமான இடம். நாலு ஸ்ட்ரோக் என்ஜின்ல ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு ரெண்டு தடவை வரும்: ஒண்ணு கம்ப்ரஷன் முடிவுல, இன்னொண்ணு புகையைத் தள்ளி முடிக்கும்போது. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுத்து. அதனால புல்லி மார்க் சரியா நின்னாலும் நீங்க தப்பான உச்சியில் இருக்கலாம். ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது 1-ஆம் சிலிண்டர். அதோட பிளக்கைக் கழட்டி ஓட்டையை விரலால் அடைச்சுக்கிட்டு என்ஜினைக் கையால் சுத்துங்க. காத்து விரலைத் தள்ளினா, அதுதான் கம்ப்ரஷன்.

அப்படியே மார்க் வரைக்கும் கொண்டுவந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்க. ரோட்டார் 1-ஆம் பிளக் வயரைப் பார்க்கணும். எதிர்ப்பக்கம் 4-ஐப் பார்த்தா 180 டிகிரி மாறிப்போச்சு. பிரிச்சு மாட்டின என்ஜின்ல டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டுற தண்டு அரைச் சுத்து தள்ளி உட்கார்ந்துட்டா இப்படித்தான் ஆகும். தும்மலுக்கும் சைலன்சர் வெடிக்கும் இது பெரிய காரணம். தம்பிக்கு நான் சொன்னது, இதை முதல்ல பாருன்னு. மறுபடி பிரிக்க வேண்டாம். நாலு வயரையும் மூடியில் எதிரெதிர் இடத்துக்கு மாத்தினா போதும். ரோட்டார் இடஞ்சுழியா சுத்தும், அந்தத் திசையில வரிசை 1-3-4-2.

கடைசியா நுண் சரிசெய்தல். புல்லி வெட்டை உச்சிக்குச் சில டிகிரி முன்னாடி நிறுத்துங்க. எத்தனை டிகிரின்னு உங்க மாடலோட மேனுவலைப் பாருங்க. டிஸ்ட்ரிபியூட்டர்ல மெல்லிசு வயர் சேர்ற முனைக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப். சாவியை ஆன் பண்ணுங்க. கிளாம்ப்பைத் தளர்த்தி, லேம்ப் அணையுற வரைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை இடஞ்சுழியா திருப்புங்க. பிறகு வலஞ்சுழியா மெதுவா. லேம்ப் எரிய ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்தி கிளாம்ப்பை இறுக்குங்க. உடனே சாவியை ஆஃப் பண்ணுங்க, இல்லைன்னா காயில் சூடாகும்.

காதாலேயே டைமிங் வைக்கிற பழைய மெக்கானிக்குங்க மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனா ஓடாத என்ஜின்ல காதுக்கு வேலை இல்லை, லேம்ப்தான் கதி. வண்டி பிடிச்ச பிறகு ஒரு மேம்பாலம் ஏத்திப் பாருங்க. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கோலிக்குண்டை டப்பாவுல குலுக்கின மாதிரி சத்தம் வந்தா டைமிங் கொஞ்சம் முன்னாடி இருக்கு. டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை இடஞ்சுழியா திருப்பி, மறுபடி அதே மேம்பாலம்.