குங்கிலியத்துக்குள் ஒரு சிலந்தி

சூரத்தில் நாட்டு மருந்துச் சரக்கு வியாபாரம் தொடங்கி முப்பத்தைந்து வருடம் ஆகிறது. குங்கிலியம் என் கையில் புழங்காத நாள் கிடையாது. அந்தப் பிசின்தான் என்னை அம்பர் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

அம்பர் என்றால் நம் பெரியவர்கள் திமிங்கிலத்தின் வயிற்றில் உண்டாகும் வாசனைப் பொருளை நினைப்பார்கள். அது வேறு. இங்கே நான் சொல்வது, மரப்பிசின் மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து இறுகிய பொருள். வடக்கே 'கஹ்ருபா' என்று மாலை கோர்த்து விற்கிறார்களே, அதுதான். இது பாரசீகச் சொல். துரும்பைக் கவர்வது என்று பொருள். கம்பளியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும்.

சிலந்திக்கு எலும்பு இல்லை. மெல்லிய உடம்பு, கல்லில் அதன் அச்சு படிவது அபூர்வம். ஒழுகும் பிசினில் அகப்பட்டாலோ, காலின் மயிர்கூட அழியாமல் நிற்கும். மியான்மரின் ஹுக்காங் பள்ளத்தாக்கில் கிடைப்பவை சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையானவை. அவற்றுள் ஒன்றில், வலையில் சிக்கிய குளவியை ஓர் இளஞ்சிலந்தி தாக்கும் காட்சி அப்படியே இருக்கிறது. நூலிழைகள் 15 அறுபடாமல் உள்ளன. இது 2012-இல் வெளியானது. 2018-இல் வாலுள்ள சிலந்தியினம் ஒன்றை அறிவித்தார்கள். 2021-இல் வெளியானது முட்டைப்பையைக் காத்தபடியே இறந்த தாய்ச்சிலந்தி. சிற்றுயிரைக் கண்டால் விலகி நட என்று சொல்லி வளர்க்கப்பட்ட சமணன் நான். அந்தப் படத்தைப் பார்த்த அன்று வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

ஆசையில் நானும் ஒரு துண்டு வாங்கி ஏமாந்தேன். பெரிய சிலந்தி, எட்டுக் காலும் அழகாக விரித்து வைத்தாற்போல. தண்ணீரில் கரையுமட்டும் உப்புப் போட்டு அதில் விட்டேன், மூழ்கிவிட்டது. உண்மை அம்பர் மிதக்கும். மிதப்பதெல்லாம் அம்பர் என்றும் சொல்ல முடியாது. சில பிளாஸ்டிக்கும் மிதக்கும். பிசினில் சிக்கிய சிலந்திகள் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான்.

உண்மைச் சரக்கு எங்கள் மாவட்டத்திலேயே இருந்திருக்கிறது! வஸ்தான் சுரங்கத்தின் பழுப்பு நிலக்கரிக்கு நடுவே சுமார் 150 கிலோ அம்பர் சேகரித்து, 700-க்கு மேற்பட்ட சிற்றுயிர்களை எடுத்தார்கள். தேனீ, கறையான், ஈ, சிலந்தி எல்லாம் உண்டு. வயது 5 கோடி ஆண்டுக்குமேல். பிசின் தந்த மரம், நம் குங்கிலிய மரத்தின் குடும்பமே. இந்த அம்பர் சில திரவங்களில் முழுவதும் கரையும் என்பதால், உள்ளிருக்கும் பூச்சியை முழுதாக வெளியே எடுக்க முடிகிறது.

இதில் என்ன விசேஷம்? ஆப்பிரிக்காவை விட்டுப் பிரிந்த இந்தியா, ஆசியாவோடு ஒட்டும்வரை கடலில் தனித்தீவாக நகர்ந்தது; அதனால் இங்குள்ள உயிர்கள் வேறெங்கும் இல்லாதவையாக இருக்கும் என்று எண்ணியிருந்தார்கள். 2010-இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. இவற்றுக்கு ஆசியா, வட ஐரோப்பா, மத்திய அமெரிக்கா வரை சொந்தபந்தம் இருந்தது. இடையில் இருந்த தீவுகள் வழியாகப் போக்குவரத்து நடந்திருக்கலாம் என்கிறார்கள். சிலந்திக்குஞ்சு நூலை விட்டுக் காற்றிலேறிப் பறக்கக்கூடியது. 1832-இல் கரையிலிருந்து 60 மைல் தள்ளி நின்ற தம் கப்பலில் ஆயிரக்கணக்கான சிலந்திகள் வந்து இறங்கியதை டார்வின் எழுதியிருக்கிறார்.

வெட்டிய நிலக்கரி போவது கொதிகலனுக்கு. யாரோ குனிந்து பொறுக்கியதால் இவை பிழைத்தன. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: வந்து சேர்ந்த மண்ணையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.