மரத்தினின்று விழுந்தோரும் அவர்தம் மூச்சும்

பனையிலும் தென்னையிலும் ஏறித் தொழில் செய்வோர் கால் தவறி விழுந்தனர் என்னும் செய்தி நம் கிராமங்களுக்குப் புதியதன்று. கைப்பிடிச் சுவரில்லாக் கிணற்றில் வீழ்ந்தோர், வைக்கோற்போரின் உச்சியினின்று சறுக்கியோர், வரப்பில் டிராக்டர் கவிழ்ந்து அதன்கீழ் அகப்பட்டோர் ஆகியோரையும் இவர்களோடு சேர்க்கலாம். பிழைத்தால் தெய்வச் செயலென்றும், இறந்தால் விதியென்றும் கூறி நாம் அமைந்துவிடுகிறோம். ஆனால் கழுத்தெலும்பு முறிந்து, விழுந்த அன்று பிழைத்தோர், பிற்பாடு இறப்பதற்குரிய காரணங்களில் நுரையீரல் நோயே முதன்மையானது. இது தடுக்கக் கூடியது. அத்தடுப்பு ஆஸ்பத்திரியில் அன்று, மரத்தடியிலேயே தொடங்க வேண்டும். மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தை அறிந்திருத்தல் அவசியமாவது இதனாலேயே.

பெரும்பாலும் நடப்பது யாதெனில், கூக்குரல் கேட்டு ஓடி வருவோர் விழுந்தவரை அக்குளிலும் முழங்காலிலும் கைகொடுத்துத் தூக்கி நிழலிற் கிடத்துவர். ஒருவர் தலையை நிமிர்த்திச் சோடாவோ மோரோ வாயில் ஊற்றுவார். பின்னர்க் கிடைத்த வண்டியில் உட்காரவைத்து, தலை இருபுறமும் ஆட, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வர். இவையாவும் அன்பினாற் செய்யப்படுவனவே. எனினும் மூன்றும் பெருந் தீங்கு விளைப்பன. எலும்பு முறிந்தும் அதனுள் ஓடும் தண்டுவடம் சிதையாதிருத்தல் உண்டு. அவ்வாறு தப்பிய தண்டுவடத்தை நாம் தூக்கும் முறையே நசுக்கிவிடக் கூடும். நினைவு குன்றியவர் வாயில் ஊற்றிய நீர் இரைப்பைக்குச் செல்லாது மூச்சுக்குழலில் இறங்கி, இரண்டொரு நாளில் நுரையீரல் அழற்சியாக மாறும்.

மூச்சுக்கும் முதுகெலும்புக்கும் என்ன சம்பந்தம் எனச் சிலர் கேட்கலாம். தண்டுவடத்தை ஒரு பாசன வாய்க்காலாகக் கருதுக. மேலே தலைமடையில் உடைப்பெடுத்தால் கடைமடை வரை யாவும் வறளும். கீழே உடைத்தால் மேல்வயல்கள் தப்பும். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள உதரவிதானம் என்னும் தசைத்திரையே மூச்சை இழுக்கும் முதன்மைக் கருவி. அதற்குரிய நரம்பு, கழுத்தில் 3, 4, 5-ஆம் கிளைகளினின்று பிறக்கிறது. இவற்றுக்கு மேலே தண்டுவடம் அறுபட்டால் மூச்சு அப்போதே நின்றுவிடும். இவற்றுக்குக் கீழே அறுபட்டால் உதரவிதானம் இயங்கும். ஆனால் விலாவிடைத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் செயலற்றுப் போகும். அத்தகையவர் மூச்சு விடுகையில் வயிறு மட்டும் எழுந்து தாழும், மார்போ உயராது, சில வேளை உள்வாங்கவும் செய்யும். இதைக் கண்ணால் காணலாம். அவருக்கு இருமும் வலிமை இராது. இருமல் இன்றேல் சளி வெளியேறாது. சளி தங்கினால் நுரையீரலின் அடிப்பாகம் காற்றிழந்து சுருங்கும். பின்னர் அவ்விடத்தில் கிருமிகள் பெருகும்.

இங்கு ஓர் எளிய சோதனையைக் கூற விரும்புகிறோம். நினைவோடிருப்பவரை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லுக. முதலில் இருபது வரை எண்ணியவர் சில மணி நேரத்தில் பத்துக்குமேல் எண்ண இயலாராயின், மூச்சுத் தசைகள் களைத்து வருகின்றன என்பது பொருள். முதல் சில நாட்களில் தண்டுவடத்தின் வீக்கத்தால் இக்கேடு மேலேறுவதுண்டு. ஆதலின் காலையில் நன்றாகப் பேசினாரே என்று மாலையில் அசட்டையாயிருத்தல் கூடாது.

தலைக்காயத்திலும் இத்தகைய ஏமாற்றம் உண்டு. மயங்கி எழுந்தவர் தெளிவாகப் பேசி, வீட்டுக்கு நடந்தும் போவார். மண்டையோட்டுக்குள் இரத்தம் மெல்லத் தேங்க, சில மணிகளில் மீண்டும் மயங்குவார். அடுத்தடுத்து வாந்தி, தலைவலி மிகுதல், ஒரு கண்மணி மற்றதினும் விரிதல், தூக்கத்தினின்று எழுப்ப இயலாமை ஆகியவை அபாயக் குறிகள். மதுவின் வாடை வீசினால், குடித்து உறங்குகிறார் என விட்டுவிடுவோர் பலர். அந்த உறக்கத்தினின்று எழாதோரும் உண்டு. அடிபட்ட மூளை பிராணவாயுக் குறைவைச் சிறிது நேரமும் பொறாது. ஆதலால் தலைக்காயத்திற்கும் முதற் சிகிச்சை மூச்சுப் பாதையைக் காத்தலே.

இனிச் செய்யத்தக்கவை. உடனே 108-க்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். வண்டி வரும் வரை, தீ, நீர் முதலிய வேறு அபாயம் இல்லாவிடில், விழுந்தவரை அசைத்தலாகாது. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தலையை உடம்பின் நேர்க்கோட்டில் அசையாது தாங்குக. குறட்டை போன்ற ஒலி கேட்டால் நாக்கு பின்சரிந்து மூச்சை அடைக்கிறது என அறிக. அப்போது கழுத்தை வளைக்காமல், கீழ்த்தாடையின் இருகோணங்களிலும் விரலிட்டு முன்னோக்கி உயர்த்தினால் வழி திறக்கும். வாந்தி வந்தால், தலை, தோள், இடுப்பு, கால் ஆகியவற்றை நால்வர் பிடித்து, ஒருவர் சொல்லுக்கிணங்க, மரத்துண்டை உருட்டுவதுபோல் உடலை ஒருசேரப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தூக்கிச் செல்வது தவிர்க்க முடியாததாயின் கதவுப் பலகையோ அகன்ற பெஞ்சுப் பலகையோ கொள்க. கயிற்றுக் கட்டில் ஆகாது. அது நடுவே தொய்ந்து முதுகை வளைத்துவிடும். வாய்வழியாக ஒன்றும் கொடுக்கலாகாது.

ஆஸ்பத்திரியில் நடப்பனவற்றைச் சுருங்கச் சொல்வோம். கிளாஸ்கோ நகர வைத்தியர்கள் 1974-இல் வகுத்த அளவுகோலால் நினைவின் நிலையை 3 முதல் 15 வரை மதிப்பிடுவர். 8-ம் அதற்குக் கீழும் கடுங்காயம். அத்தகையோர்க்கு மூச்சுக்குழலில் குழாயிட்டு இயந்திரத்தால் சுவாசம் அளிப்பர். நாட்கள் நீளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைப்பதுண்டு. உறவினர் இதைக் கண்டு அஞ்சி மறுக்கின்றனர். சளியை உறிஞ்சி எடுக்க அதுவே எளிய வழி. இயந்திர சுவாசம் தனியொரு சிகிச்சைக் கலையாக வளர்ந்தது, 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவிய காலத்தில். மூச்சுத் தசை செயலற்றவர்க்கு இப்சன் என்னும் வைத்தியரின் யோசனைப்படி மருத்துவ மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்துக் கையால் பையை அழுத்திக் காற்றளித்தனர். இறப்பு வெகுவாய்க் குறைந்தது.

அதற்கு முன்னரே, 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன், தண்டுவடம் சிதைந்தோரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் ஒழுங்கை விடாது நடத்தி, நம்பிக்கையற்றவரெனத் தள்ளப்பட்டோரை வாழவைத்தார். படுக்கைப்புண்ணைத் தடுக்கும் அதே புரட்டல் நுரையீரலில் சளி தேங்குவதையும் குறைக்கிறது. நம் நாட்டில் 1949-இல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார். அங்கேயே, 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை செய்ததோடு, 1966-இல் மறுவாழ்வு நிலையம் ஒன்றும் தோன்றக் காரணமானார். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கத்தை நிறுவிய இராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவரே.

வீடு திரும்பியபின் பொறுப்பு முழுவதும் குடும்பத்தாருடையது. இருமல் வலுவற்றவர் இரும முயல்கையில், உதவுவோர் விலாவுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே, உள்ளங்கையை வைத்து உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். இதை ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் உடற்பயிற்சி வைத்தியரிடம் கைப்படக் கற்றுக்கொள்க. கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலற்றவர் உட்காருவதைக் காட்டிலும் மட்டமாகப் படுக்கையில் எளிதாக மூச்சுவிடுவார். இது யாவருக்கும் வியப்பளிக்கும். உட்காருகையில் வயிற்றைப் பட்டையால் கட்டினால் உதரவிதானத்துக்குத் துணையாகும். உணவு மட்டும் நிமிர்த்தி வைத்தே ஊட்டப்பட வேண்டும். பீடி, சுருட்டு அறவே ஆகா. வீட்டிலுள்ள பிறரும் அவரருகே புகைத்தலாகாது. காய்ச்சல், சளியின் நிறமாற்றம், மூச்சு விரைதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே வைத்தியரைக் காண்க.

தோட்டமுடையோர்க்கு ஒரு வார்த்தை. மழையில் நனைந்த மரத்தில் அன்றே ஏறுமாறு வற்புறுத்துதல் வேண்டா; இடுப்புப் பட்டையும் ஏறுங்கருவியும் வாங்கித் தருதல் உங்கள் கடன். தென்னை வளர்ச்சி வாரியத்தாரின் கேர சுரக்ஷா என்னும் காப்பீடு தென்னையேறுவோர்க்கென ஏற்பட்டது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய, முதல் 48 மணி நேர இலவச சிகிச்சைத் திட்டமோ சாலை விபத்துக்குரியது. மரத்தினின்று விழுந்தோர்க்கு அது பொருந்தாது. இவ்வேறுபாட்டைப் பலர் விபத்து நேர்ந்தபின்பே அறிகின்றனர். கிராம நிர்வாக அலுவலர்கள் தத்தம் ஊரில் மரமேறுவோர் பெயர்களை எழுதி, காப்பீடு இல்லாதோரை அடுத்த பருவம் தொடங்குமுன் சேர்ப்பித்தால் நலம். சாவடியில் ஆறடிப் பலகையொன்றும் நான்கு துணிப்பட்டைகளும் வைத்திருப்பதற்குச் செலவும் அதிகமில்லை.