மேட்பிளாட்லிப் வரைபடங்களில் தமிழ்: நிறுவல், காட்சிச் சிக்கல்களும் தீர்வுகளும்

ஆய்வுச் சுருக்கம்

சொல்லடைவு, கல்வெட்டு, வட்டார வழக்கு முதலிய தரவுகளைக் கணினிவழி ஆராய்வோர் முடிவுகளை வரைபடங்களாகத் தருகின்றனர். அதற்குப் பயன்படும் மேட்பிளாட்லிப் நிரலகத்தில் நான்கு நிலைகளில் எழும் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. முதல் மூன்றும் வெளிப்படையாகத் தெரிபவை. நான்காவது, எச்சரிக்கை ஏதுமின்றிச் சொல்லையே திரித்துவிடுவது.

திறவுச்சொற்கள்: மேட்பிளாட்லிப், பைத்தான், ஒருங்குறி, எழுத்துரு, தமிழ்க் கணிமை.

முன்னுரை

மேட்பிளாட்லிப்பை உருவாக்கியவர் ஜான் ஹண்டர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைக் காட்சிப்படுத்தும் தேவையிலிருந்து பிறந்த இந்நிரலகத்தின் முதல் பதிப்பு 2003இல் வெளிவந்தது. இது பைத்தான் மொழியில் இயங்குவது. இதில் தோன்றும் பிழைகளை நிறுவல், திரை, எழுத்துரு, எழுத்துக் கோப்பு என்னும் வரிசையில் ஆராய்வது பயன் தரும்.

1. நிறுவல்

நிறுவிய பின்னரும் ‘அப்படியொரு கூறு இல்லை’ என்னும் பிழைச்செய்தி வருவதுண்டு. ஒரே கணினியில் பல பைத்தான்கள் இருப்பதும், நிறுவியது ஒன்றில், நிரல் இயங்குவது மற்றொன்றில் என அமைவதும் இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். ஆகவே பிப் நிறுவியைத் தனியே இயக்காமல், நிரலை இயக்கும் அதே பைத்தானின் வழியாக இயக்க வேண்டும். பயனர் தம் நிரல் கோப்பிற்கு மேட்பிளாட்லிப் என்றே பெயரிட்டிருந்தாலும் சிக்கல் எழும். உண்மையான நிரலகத்திற்கு மாற்றாக அக்கோப்பே அழைக்கப்படும்.

2. திரையில் தோன்றாமை

வரைபடத்தைத் திரைக்கோ கோப்பிற்கோ அனுப்பும் பகுதி பின்முனை எனப்படும். ‘ஆக்’ என்னும் பின்முனை கோப்பை மட்டுமே உருவாக்கும், சாளரத்தைத் திறக்காது. திரையற்ற சேவையகங்களில் இதுவே போதுமானது. உபுண்டு முதலிய லினக்ஸ் அமைப்புகளில் சாளரம் திறக்க, டிகே தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டியிருக்கலாம். சேமித்த படம் வெறுமையாக இருப்பின் கட்டளை வரிசையை நோக்குக. காட்டும் கட்டளைக்குப் பின் சேமித்தால், சாளரம் மூடப்பட்டு வெற்றுப்படமே பதிவாகும்.

3. கட்டங்களாகத் தோன்றுதல்

2017இல் வெளிவந்த 2.0 பதிப்பிலிருந்து இயல்பு எழுத்துருவாக உள்ள டெஜாவு சான்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லை. எனவே அவற்றின் இடத்தில் வெற்றுக் கட்டங்கள் தோன்றும்; எச்சரிக்கையில் ஓர் எண்ணும் வரும். ஒருங்குறியில் தமிழுக்குரிய எண்கள் 2944 முதல் 3071 வரை. 2965 என்பது ககரம். இவ்வெல்லைக்குள் எண் வந்தால் குறை எழுத்துருவினுடையது எனத் தெளியலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றதோர் எழுத்துருவை அமைத்தால் கட்டங்கள் நீங்கும். 2022இல் வந்த 3.6 பதிப்பு முதல், பல எழுத்துருக்களை வரிசைப்படுத்தித் தரலாம். ஒன்றில் இல்லாத எழுத்து அடுத்ததில் தேடப்படும். புதிய எழுத்துரு கண்டறியப்படாவிடில், நிரலகம் முன்பே சேமித்து வைத்துள்ள எழுத்துருப் பட்டியல் கோப்பை நீக்கி, நிரலை மீண்டும் இயக்க வேண்டும்.

4. எழுத்து இடம் மாறுதல்

கட்டங்கள் நீங்கியதும் பணி முடிந்ததாகக் கருதுவது தவறு. ஒருங்குறியில் மெய்யின் வடிவம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படுகின்றன. எகர, ஏகார, ஐகாரக் குறிகளை இடப்புறம் நகர்த்துவதும், ‘கு’, ‘து’ போன்ற கூட்டு வடிவங்களை அமைப்பதும் எழுத்துக் கோப்புப் பொறியின் வேலை. 3.10 வரையிலான பதிப்புகளின் இயல்பான பின்முனைகளில் அப்பொறி இல்லை. சேமித்த வரிசையிலேயே வடிவங்கள் அடுக்கப்படுகின்றன. அதனால் ‘பெயர்’ என்பது ‘பயெர்’ எனவும், ‘சேலம்’ என்பது ‘சலேம்’ எனவும் படிக்கப்படும். நிரல் எச்சரிப்பதில்லை; தமிழறியாத மதிப்பீட்டாளர் கண்ணிலும் இப்பிழை படாது.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. எஸ்விஜி கோப்பாகச் சேமிக்கையில் எழுத்தை எழுத்தாகவே விடுமாறு அமைத்தால், உலாவி அதனைச் சரியாகக் கோக்கும். படிப்பவர் கணினியிலும் தமிழ் எழுத்துரு இருத்தல் வேண்டும். அச்சிதழ்களுக்குப் பிஜிஎஃப் பின்முனையைச் சீலாடெக்குடன் இணைப்பது ஏற்றது. ராக்ம் நிரலகத்தைத் துணைகொள்ளும் எம்பிஎல்கெய்ரோ பின்முனையும் உதவும். உயிர்க்குறிகளைத் தரவிலேயே முன்பின்னாக மாற்றி எழுதும் குறுக்குவழி மட்டும் ஆகாது. படம் ஓரளவு சரியாகத் தோன்றினும், தேடலும் அகரவரிசையும் எண்ணிக்கையும் அத்தரவில் பிழைபடும்.

முடிவுரை

நிறுவல், திரை, எழுத்துரு ஆகியவற்றின் பிழைகள் காலத்தை வீணாக்குபவை; எழுத்துக் கோப்பின் பிழையோ ஆய்வின் நம்பகத்தன்மையைக் குலைப்பது. ஆகவே வெளியீட்டிற்கு முன், ‘பெயர்’, ‘கோவை’, ‘துணை’ போன்ற சொற்களைக் கொண்ட சோதனைப் படம் ஒன்றை வரைந்து, அதனைத் தமிழறிந்தோர் படித்துச் சரிபார்ப்பது இன்றியமையாததாகும்.