கொழுப்பை உறிஞ்சினால் எடை குறையுமா?

சாப்பாட்டைக் குறைத்தாயிற்று, நடந்தும் பார்த்தாயிற்று. ஆனாலும் இடுப்பிலும் தொடையிலும் உள்ள சதை மட்டும் கரைவதாக இல்லை. இப்படிச் சலித்துப்போனவர்களைத்தான் ‘லைபோசக்‌ஷன்’ விளம்பரங்கள் எளிதில் இழுக்கின்றன. பணம் கட்டும் முன், இந்தச் சிகிச்சையால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை மெல்லிய குழாய் வழியாக உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை இது. பொதுவாக, மரத்துப்போகச் செய்யும் மருந்தும் ரத்தக் கசிவைக் குறைக்கும் மருந்தும் கலந்த உப்புக் கரைசலை முதலில் அந்த இடத்தில் செலுத்துவார்கள். 1980களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் உருவாக்கிய இம்முறையால் ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது.

இது உடலின் வடிவத்தைத் திருத்துமே தவிர, உடல் பருமனுக்கு மருந்தாகாது. தொளதொளத்த தோலையும் இறுக்கிவிடாது. இனிப்புநீர், இதய நோய்களுக்குத் துணைபோவது குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு. குழாய் அங்கே போவதில்லை. 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பருமனான 15 பெண்களின் வயிற்றிலிருந்து ஏராளமான கொழுப்பு அகற்றப்பட்டது. சில வாரங்கள் கழித்துப் பரிசோதித்தபோது, ரத்த அழுத்தத்திலோ இன்சுலின் செயல்பாட்டிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. பழைய உணவுப் பழக்கம் தொடர்ந்தால், எடையும் மீண்டும் கூடும்.

வீக்கமும் கன்றிப்போதலும் பல வாரங்கள் நீடிக்கலாம். கிருமித்தொற்று, ரத்தக்கட்டு, உள்ளுறுப்பில் துளை விழுதல் ஆகியவை அரிது என்றாலும் உயிரைப் பறிக்கக்கூடியவை. 2020 அக்டோபரில் கோலாலம்பூரில், அழகு நிலையம் ஒன்றில் இந்தச் சிகிச்சைக்குச் சென்ற ஓர் இளம்பெண் உயிரிழந்தார். முகத்துக்கு ஃபேஷியல் செய்யும் இடம் அறுவை சிகிச்சைக் கூடம் ஆகாது.

ஆகவே, கேட்க வேண்டியதைத் தயங்காமல் கேளுங்கள். சிகிச்சை செய்பவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா? பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணரா? மயக்க மருந்து கொடுத்து, நாடித்துடிப்பையும் சுவாசத்தையும் கவனிக்கப்போவது யார்? அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்? நீங்கள் சாப்பிடும் மருந்துகளையும், உங்களுக்கு உள்ள நோய்களையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இவற்றுக்கு நேராகப் பதில் வராத இடத்தில், கட்டணம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.