காழியின் மடலும் நடுவரின் ஆணையும்

ஓர் ஊரின் காழி அளித்த முடிவை மற்றோர் ஊரின் காழி எவ்வடிப்படையில் நிறைவேற்றுவது? ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் இவ்வினாவுக்கெனத் தனி இயலே வகுத்துள்ளன. ‘காழி காழிக்கு எழுதும் மடல்’ என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானியின் ‘ஹிதாயா’ அதன் நிபந்தனைகளை விரித்துரைக்கிறது. மடலைச் சாட்சிகளுக்குப் படித்துக்காட்டி, அவர்கள் முன்னிலையில் முத்திரையிட வேண்டும். பெறும் காழி எதிர்வாதியை முன்வைத்தே அதனைப் பிரிக்க வேண்டும். ஹுதூத், கிஸாஸ் விவகாரங்களில் அம்மடல் ஏற்கப்படாது. இமாம் அபூ யூசுஃப், தாமே காழிப் பொறுப்பேற்று நடைமுறையின் இடர்களைக் கண்டபின், இந்நிபந்தனைகளுட் சிலவற்றைத் தளர்த்தினார் என்பது சுவையான செய்தி.

அவ்வினா இன்று வேறு வடிவில் நம்முன் நிற்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்தது. எம்மதத்தைச் சார்ந்த பெண்ணுக்கும் அது உரியது. அதன் 18ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் பாதுகாப்பாணை பிறப்பிக்கலாம்; வன்முறையை மட்டுமன்றி, தொலைபேசி வழியான தொடர்பையும் தடை செய்யலாம்.

இவ்வாணையின் எல்லை யாது? பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007இல் மறுபடியும் தனித்தது. இக்கோடுகள் எத்தனை முறை அழிந்து வரையப்பட்டாலும் ஆணைக்கு ஊறில்லை. இந்தியா முழுவதும் அது செல்லும் என்று 27ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. 2019 முதல் ஜம்மு காஷ்மீரும் இதனுள் அடங்கும். பெரம்பலூர் நடுவரின் ஆணைக்கு அரியலூரில் வேறொரு முத்திரை வேண்டுவதில்லை. கணவர் அரியலூர்ச் சிமெண்ட் ஆலையொன்றில் பணிபுரிபவராயின், அவரது ஊதியத்திலிருந்து ஜீவனாம்சத் தொகையை நேரே மனைவிக்குச் செலுத்துமாறு ஆலைக்கே கட்டளையிட 20ஆம் பிரிவு இடந்தருகிறது.

ஆனால், வெள்ளாற்றங்கரையின் லெப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் கணவர் பெரும்பாலும் வளைகுடாவிலன்றோ இருக்கிறார்! அங்கிருந்து அவர் தொலைபேசியில் மிரட்டினால், அது ஆணையை மீறிய செயலே. எனினும் அவரை அங்கே கைது செய்ய நம் நடுவரால் இயலாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44அ பிரிவின்கீழ் ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஜனவரியில் பரஸ்பர ஏற்புடைய ஆட்சிப்பகுதியாக அறிவிக்கப்பட்டது உண்மையே. ஆனால் அது அமீரக நீதிமன்றங்களின் தீர்ப்பாணைகளை இங்கு நிறைவேற்றுவதற்கானது. அதுவும் பணம் செலுத்தும் தீர்ப்பாணைகளை மட்டுமே. கடன் கடல் கடக்கிறது, காப்பு கடப்பதில்லை.

மறுதிசையிலும் இதே நிலைதான். சிங்கப்பூரில் முஸ்லிம்களின் மணவிலக்கு ஷரீஅத் நீதிமன்றத்தைச் சார்ந்தது. எனினும் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனத்தின்கீழ்க் குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பாணை பெற முஸ்லிம் பெண்ணுக்கும் உரிமையுண்டு. அவ்வாணையுடன் ஒருத்தி பெரம்பலூர் திரும்பினால், அது இங்கே தானாக உயிர்பெறாது. சான்றாவணமாக அதனை முன்வைத்துப் புதிதாக மனுச்செய்ய வேண்டும். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நடுவரையே அணுகலாம் என்பது பேருதவி. அவசரமாயின் எதிர்மனுதாரர் வருமுன்னரே 23ஆம் பிரிவின்கீழ் ஆணை பெறலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கொரு வழி கண்டது. 2013இல் இயற்றி 2015 ஜனவரி 11 முதல் செயற்படுத்திய ஒழுங்குவிதியின்படி, ஒரு நாட்டின் உரிமையியல் பாதுகாப்பாணையை, குறித்த படிவத்திலமைந்த சான்றிதழுடன் பிற உறுப்பு நாடுகள், டென்மார்க் நீங்கலாக, ஏற்கின்றன. பன்னிரண்டு மாத வரம்பும் உண்டு. காழியின் மடல் படிவமாகி வந்துள்ளது எனலாம். நமக்கும் வளைகுடாவுக்குமிடையே பாதுகாப்பாணைக்கு அத்தகைய படிவம் இல்லை.

ஆதலின் வழக்கறிஞர், இந்தியாவிற்குள் பற்றக்கூடியவற்றை மனுவிலேயே கேட்டுவிட வேண்டும். கூட்டுக் குடித்தன வீட்டில் வசிக்கும் உரிமை, ஸ்திரீதனத்தை மீட்டல், இங்குள்ள சொத்தை விற்கத் தடை ஆகியன அத்தகையவை. அழைப்பாணையோ பிடியாணையோ பிறந்தபின், 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்கீழ்க் கடவுச்சீட்டை முடக்கவும் அதிகாரியிடம் கோரலாம். முடிவு அவர் கையில். பாதுகாப்பாணையோ, பெண் விண்ணப்பித்து நீக்கும்வரை, அல்லது சூழ்நிலை மாற்றம் கருதி நடுவர் மாற்றும்வரை நிலைத்திருக்கும். மீறினால் ஓராண்டுவரை சிறை, அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விட இயலாக் குற்றம். கணவர் விடுப்பில் வந்து இறங்கும் நாளிலும் அவ்வாணை இங்கே காத்திருக்கும்.