விதி சொல்லாமலே விடை சொல்லும் கணினி

ஆலங்காயம் என்ற ஊரில் பள்ளியில் காலடி வைக்காத குழந்தையும் 'நடந்தேன்', 'படிச்சேன்', 'அழுதேன்' என்று சரியாகவே பேசுகிறது. இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன் என்று நன்னூல் வகுத்துத் தந்தது; எந்த வினை எதை ஏற்கும் என்பதை அந்தச் சூத்திரம் சொல்வதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) வினைகளை வகைபிரித்து எண்ணிட்டது. அந்த எண்ணை எந்தத் தாயும் குழந்தைக்குச் சொல்லித் தருவதில்லை. கேட்டுப் பழகிய சொற்களோடு ஒப்பிட்டே குழந்தை புதுச்சொல்லைக் கையாள்கிறது என்ற கருத்து வலுவானது. அதைக் கணினியில் சோதித்துப் பார்க்கவும் முடியும்.

அமெரிக்க மொழியியலாளர் ராயல் ஸ்கௌசன் 1989-இல் இதற்கான ஒப்புமை மாதிரியை ஒரு நூலாகவே எழுதினார். இம்முறையில் கணினிக்கு விதி எதுவும் தருவதில்லை. விடை தெரிந்த சொற்களை மட்டும் தருகிறோம். புதுச்சொல் வந்தால், ஒலியிலும் அசையிலும் அதை ஒத்தவற்றைத் தேடி, எந்த விடைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று அது கணிக்கும். டேவிட் எடிங்டன் இதை ஸ்பானிய மொழியின் சொல்லழுத்தம், பெயர்ச்சொற்களின் பால் முதலியவற்றில் சோதித்தார்.

தமிழில் 'பற' என்ற வினை மட்டும் கணினிக்குத் தெரியாது என்று கொள்வோம். நட, கட, மற, திற, பிற, அள எல்லாமே இரு குறில், அகர ஈறு; எல்லாமே நடந்தேன், கடந்தேன், மறந்தேன் என்றே வருகின்றன. 'பறந்தேன்' என்ற விடை தானே கிடைத்துவிடும். இதற்கு ஒரு விதியே எழுதிவிடலாமே என்று கேட்கலாம். இந்தக் கூட்டத்துக்கு எழுதலாம். ஆனால் அழு, உழு, தொழு என்பவை அழுதான், உழுதான், தொழுதான் ஆகும்போது, எழுவும் விழுவும் எழுந்தான், விழுந்தான் ஆகின்றன. இங்கே விதி எழுதினால் விதிவிலக்குப் பட்டியலும் சேர்த்தே எழுத வேண்டும். ஒப்புமை மாதிரிக்கு இரண்டும் ஒரே வேலைதான்.

'விழு'வை மறைத்துவிட்டால் கணினி 'விழுதான்' என்று தவறிவிடாதா? தவறக்கூடும். எந்தச் சொல் தன்னை ஒத்த சொற்களின் பலத்தில் நிற்கிறது, எது பழக்கத்தால் மட்டுமே மனத்தில் நிற்கிறது என்பதை அந்தத் தவறே காட்டிக்கொடுக்கிறது. 'அழி' ஒன்றே அழிந்தது, அழித்தான் என இரண்டாகப் பிரிவதை ஒலி மட்டும் விளக்காது என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், தன்வினையா பிறவினையா என்ற பொருளையும் ஒப்பிடும் கூறுகளில் சேர்த்தால் அந்தச் சிக்கல் தீரும்.

கணினியின் விடை, நாம் கொடுக்கும் சொற்களைத் தாண்டிப் போகாது. அச்சுத் தமிழை மட்டும் ஊட்டினால் அச்சுத் தமிழைத்தான் திருப்பித் தரும். ஆகவே ஜவ்வாது மலை மக்களின் பேச்சும், மற்ற வட்டாரங்களின் பேச்சும் ஒலியோடு தொகுக்கப்பட வேண்டும். தமிழ்த் துறைகளும் கணினித் துறைகளும் சேர்ந்து இதை இப்போதே தொடங்க வேண்டும்.