யூரியா மிகுந்தால் அசோஸ்பைரில்லம் ஓய்ந்துவிடும்

நெல்லுக்கு அசோஸ்பைரில்லம் இடும் விவசாயிகளில் சிலர், "பாக்கெட் வாங்கிப் போட்டோம், பலனைக் காணோம்" என்று சொல்வதுண்டு. பாக்கெட் காலாவதியாகி இருக்கலாம், வெயிலில் கிடந்திருக்கலாம். இவை தவிர இன்னொரு காரணமும் உண்டு. வயலில் யூரியா தேவைக்கு மேல் கிடந்தால், நன்றாக உயிரோடு இருக்கும் அசோஸ்பைரில்லமும் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் வேலையை நிறுத்திவிடும். இது ஏன் என்று தெரிந்துகொண்டால், வீண் செலவைத் தவிர்க்கலாம்.

செலவு மிக்க வேலை

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் பயிர் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள இயலாது. வேரை ஒட்டி வாழும் அசோஸ்பைரில்லம், நைட்ரஜனேஸ் என்னும் என்சைமை (நொதியை)த் தன் உடலில் தயாரித்து, அதன் உதவியால் காற்றின் நைட்ரஜனை அமோனியாவாக மாற்றுகிறது. இதற்கு நிறையச் சக்தி செலவாகிறது. இச்சக்திக்கு வேண்டிய உணவு, பயிரின் வேரிலிருந்து கசியும் பொருள்களில் கிடைக்கிறது.

யூரியா இட்ட சில நாட்களில் மண்ணில் அமோனியாவாக மாறிவிடுகிறது. அது சுற்றிலும் தாராளமாகக் கிடைக்கும்போது, நுண்ணுயிர் பாடுபட்டு அதையே தயாரிப்பானேன்? வாய்க்காலில் தண்ணீர் வரும்போது யாரும் டீசல் ஊற்றி என்ஜின் ஓட்டுவதில்லை அல்லவா?

பூட்டும் திறப்பும்

நுண்ணுயிர்கள் தேவை பார்த்தே என்சைம் தயாரிக்கின்றன என்பதை, பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ ஆகியோர் 1961ல் விளக்கினர். குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை அவர்கள் ஆராய்ந்தனர். பால் சர்க்கரை இல்லாத வேளையில், அதைச் செரிக்கும் என்சைமுக்குரிய ஜீனை ஒரு புரதம் பூட்டுப் போல் அடைத்து நிற்கிறது. பால் சர்க்கரை வந்ததும் பூட்டு விலகி, என்சைம் உற்பத்தி தொடங்குகிறது. இவ்விருவரும் சக விஞ்ஞானி ஆந்த்ரே லுவோஃபும் 1965ல் நோபல் பரிசு பெற்றனர்.

அசோஸ்பைரில்லத்தில் கட்டுப்பாடு இருவகை. அமோனியா மிகுந்தால், நைட்ரஜனேஸ் ஜீன்களைத் தூண்டும் புரதம் செயலிழக்கிறது. புதிய என்சைம் உண்டாவதில்லை. அத்துடன், ஏற்கெனவே உள்ள என்சைமில் ஒரு சிறு மூலக்கூறு ஒட்டிக்கொண்டு, சில நிமிடங்களிலேயே அதை முடக்கிவிடுகிறது. அமோனியா தீர்ந்தால் அந்த ஒட்டு அகன்று, வேலை மீண்டும் தொடங்கும். எனவே நுண்ணுயிர் சாவதில்லை, ஓய்வெடுக்கிறது. வேர் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களையும் அது சுரப்பதால், பலன் முழுவதும் போய்விடுவதும் இல்லை.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. நுண்ணுயிர் உரத்தை யூரியா உள்ளிட்ட ரசாயன உரங்களுடன் கலந்து இடக் கூடாது.

2. நடவு வயலுக்கு ஏக்கருக்கு 4 பாக்கெட் (800 கிராம்) அசோஸ்பைரில்லத்தை, 10 கிலோ மட்கிய தொழு உரம், 10 கிலோ மணலுடன் கலந்து நடவுக்கு முன் தூவலாம். நாற்றின் வேரை அசோஸ்பைரில்லக் கரைசலில் 15 முதல் 30 நிமிடம் நனைத்து நடுவதும் நல்லது.

3. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் அடியுரமாகவும், தூர் கட்டும் பருவத்திலும், கதிர் உருவாகும் பருவத்திலும் பிரித்து இட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பயிர் அதை உறிஞ்சித் தீர்த்தபின், நுண்ணுயிர் தன் வேலையைத் தொடர வழி ஏற்படும்.

4. பரிந்துரைத்த தழைச்சத்தில் கால் பங்கு வரை குறைக்கலாம். யூரியாவை அறவே நிறுத்திவிடக் கூடாது. பயிருக்குத் தேவையான தழைச்சத்து முழுவதையும் அசோஸ்பைரில்லத்தால் தர முடியாது.

பாக்கெட்டும் வாங்கி, யூரியாவையும் வழக்கமான அளவுக்கு மேல் இடுபவருக்கு இரண்டு செலவு. கிடைப்பதோ ஒன்றின் பலன். மண் பரிசோதனை செய்து, உங்கள் வயலுக்குரிய யூரியா அளவை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிந்து இடுங்கள்.